முப்பதாண்டுக் கடன்

நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் தோல் வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவன் இருபத்தைந்தாம் வயதில் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸி எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியத்தை அவன் இன்றே கட்டத் தொடங்குகிறான். கம்பெனியோ தன் கடனை முப்பது வருஷங்களுக்குப் பின்னர் தீர்க்கக் கடமைப்பட்டிருக்கிறது. அரிசி வாங்குகிறவன் பணம் கொடுத்த கையோடு பண்டத்தைப் பார்த்துவிடுகிறான். பாலிஸிதாரன் கையில் இருப்பது ஒரு காகிதம் மாத்திரமே. அக்காகிதத்திற்கு ஜாமீன் யார் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

இது புதிய கேள்வியன்று. இந்தியரின் உயிரை மட்டமாக மதித்து அந்நியக் கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் வசூலித்த காலம் உண்டு. அதற்கு மாற்றாகவே சுதேசிக் கம்பெனிகள் தோன்றின. சென்னையில் 1906-ல் யுனைடெட் இந்தியா பிறந்ததும் அவ்வுணர்ச்சி பொங்கிய காலத்திலேதான். எனினும் சுதேசி என்ற பெயர் மட்டும் நாணயத்திற்கு ஜாமீனாகிவிடாது. 1956-க்கு முந்திய பத்தாண்டுகளில் 25 ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கலைக்கப்பட்டன. இன்னும் 25 கம்பெனிகள் மூலதனத்தை விரயம் செய்துவிட்டு, தம் பாலிஸிகளைப் பிறரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அவ்வாண்டு நிதி மந்திரி தேஷ்முக், 154 இந்தியக் கம்பெனிகளையும் 16 அந்நியக் கம்பெனிகளையும் 75 பிராவிடெண்ட் சங்கங்களையும் தேசவுடைமையாக்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அச்சட்டத்தின் 37-வது பிரிவு, கார்ப்பொரேஷனின் பாலிஸித் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய சர்க்காரே ஜாமீன் என்கிறது. ஜாமீன் உண்டென்று காவல் தளரலாகாது. 1957-ல் கார்ப்பொரேஷன் பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் முடக்கப்பட்டதும், மறு ஆண்டு நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியதும் நாடறிந்த சரித்திரம்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1762-ல் தோன்றிய ஈக்விடபிள் லைஃப் சங்கம், குறிப்பிட்ட விகிதத்தில் ஓய்வுக்கால வருமானம் தருவதாகப் பல்லாண்டுகள் வாக்களித்து வந்தது. வட்டி விகிதம் வீழ்ந்ததும் அவ்வாக்கு பெருஞ்சுமையாயிற்று. போனஸைக் குறைத்துச் சரிக்கட்ட முயன்றது. அது செல்லாது என்று பிரபுக்கள் சபை 2000 ஜூலையில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சங்கம் புதிய வியாபாரத்தை நிறுத்திவிட்டது. ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிலைநாட்டலாம். காலியான பெட்டியை நிரப்ப அதனால் இயலாது.

நம் நாட்டில் தனியார் கம்பெனிகள் 2000 முதல் மீண்டும் அனுமதி பெற்றன. அந்நிய மூலதனத்தின் உச்சவரம்பு 26 சதவிகிதத்திலிருந்து 2015-ல் 49 ஆகவும், 2021-ல் 74 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2022-ல் கார்ப்பொரேஷனின் பங்குகளிலேயே 3.5 சதவிகிதம் விற்கப்பட்டது. நல்லவேளையாக, 37-வது பிரிவு அப்படியே நின்றது. பாங்கில் போட்ட டிபாஸிட்டுக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புண்டு. தனியார் பாலிஸிக்கோ, கம்பெனி 150 சதவிகிதக் கடன்தீர்க்கும் சக்தியோடு இருக்க வேண்டும் என்ற விதியே பிரதான அரண். கம்பெனி முறிந்தால் ஈடு செய்யத் தனி நிதி கிடையாது.

நாம் கோருவன இரண்டு. எவ்வளவு பங்குகள் விற்கப்பட்டாலும் 37-வது பிரிவில் எவரும் கை வைக்கலாகாது. பாங்க் டிபாஸிட்டுக்கு இருப்பது போன்ற ஒரு காப்பு நிதியைத் தனியார் பாலிஸிகளுக்கும், கம்பெனிகளிடமே சந்தா வசூலித்து, சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். தோல் தொழிலாளியின் மனைவி ஒருநாள் அக்காகிதத்தோடு கம்பெனியின் வாயிலில் நிற்கக்கூடும். அன்று அவள் சட்டப் புத்தகத்தைப் புரட்டும் நிலை வரக்கூடாது. அவளுக்காக அதை இன்றே புரட்டித் திருத்துவது சட்டசபைகளில் அமர்ந்திருப்போரின் கடமையாகும்.