யாருடைய பெயர்?

சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான்களின் வணிகப்பெயர் வலிமையை ஒப்பிடும் நம் ஆய்வேடுகள் பிஎம்டபிள்யூவை ஜெர்மானியக் கார் என்றும் ஜாகுவாரைப் பிரிட்டிஷ் கார் என்றும் எழுதி அமைதியடைகின்றன. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் 2007 முதல் செங்கல்பட்டு அருகே பொருத்தப்படுகிறது. ஜாகுவாரை 2008இல் மும்பையின் டாடா மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. ஆயினும் அவற்றின் அடையாளம் அசையவில்லை. ஆகவே வணிகப்பெயரின் வலிமை பொறியியலால் மட்டும் வருவதன்று. உழைத்த இடத்தைச் சொல்லாமல் விடும் அதிகாரமும் அதில் அடங்கும்.

தாராவியில் திருநெல்வேலித் தமிழர் வளர்த்த தோல்தொழிலைப் பாருங்கள். அங்கே தைத்த பைகள் பெயரின்றியோ பிறர் பெயரிலோ விலைபோகின்றன. அத்தொழிலுக்கு நாம் தரும் பெயர் 'முறைசாராத் துறை'. மாட்டுங்கா வகுப்பறையிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில்தான் தாராவி இருக்கிறது. இனி ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு பத்தியைக் கூட்டுங்கள்: செய்தவர் யார், எங்கே? அதை நிரப்பாத ஆய்வு விளம்பரமே.