சேம அச்சும் ஸ்டெப்னியும்

“ஓசூரில் எழுத என்ன இருக்கிறது? லாரி, கார், இரைச்சல். அவ்வளவுதானே!” சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நண்பரொருவர் இப்படிச் சொன்னார். தேர்ந்த வாசகர். சங்கப் பாடல்களைத் திணையும் துறையும் பிசகாமல் எடுத்துச் சொல்லக்கூடியவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஊர் திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. இக்கட்டுரை அந்த நண்பருக்கான மறுப்பு. உடன் சிரித்த எங்களுக்குமான மறுப்பு.

புறநானூற்றின் 102ஆம் பாடலை நண்பர் நன்கறிவார். ஔவையார் பாடியது. பாடப்பட்டவன் அதியமானின் மகன் பொகுட்டெழினி. நுகம் பழகாத இளங்காளைகள். பாரம் மிகுந்த வண்டி. பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லவேண்டிய நெடுவழி. வழியில் என்ன நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று அரசிளங்குமரனைப் புகழ்கிறார் ஔவை. உவமைக்காக வானத்தைப் பார்க்காமல் வண்டிக்கடியில் குனிந்து பார்த்த கவி அவர்.

அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்த மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம்; ஓசூர் அதன் வடமேற்கு எல்லை. அதாவது ஔவை பாடிய நிலத்தின் அண்டையில்தான் இன்று பாரவண்டிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப்னியைச் சுமந்து செல்கிறது. வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த மாற்றுச் சக்கர நிறுவனத்துக்குப் பெயராகி, கடல் கடந்து வந்து நம் ஓட்டுநர்களின் வாயில் தமிழாகிவிட்டது. ஔவைக்குக் கவிதையாக இருந்த சேம அச்சு நமக்கு மட்டும் எப்படி இரைச்சலாயிற்று?

முதலில் ‘லாரி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வேங்கைக்கும் கோங்கிற்கும் வேறுபாடு தெரியாதவரை நம் இலக்கிய உலகம் எளிதில் மன்னிப்பதில்லை. டிப்பருக்கும் டிரெய்லருக்கும் வேறுபாடு தெரியாமலிருப்பதோ ஒரு தகுதியாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் பெயரிடும் வேலையை மக்கள் நமக்காகக் காத்திராமல் செய்து முடித்துவிட்டார்கள். ‘டாரஸ்’ என்பது அசோக் லேலண்டு நிறுவனம் தன் கனரக லாரிக்கு இட்ட வணிகப் பெயர். லத்தீனில் காளை என்று பொருள். இன்று எந்த நிறுவனத்தின் பல அச்சு லாரியானாலும் நம் ஊரிலும் செய்தித்தாளிலும் அது டாரஸ் லாரிதான். ‘ஈச்சர்’ என்பது நிறுவனத்தின் பெயர். இங்கே அது ஓர் அளவு. சிறு வண்டியில் அடங்காத, பெரிய லாரி வேண்டாத சுமைக்கு “ஒரு ஈச்சர் சொல்லிடுங்க” என்பார்கள். 2005இல் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்ற சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது. ஏஸ் என்று இங்கே யார் சொல்கிறார்கள்? அது குட்டி யானை. 2011இல் அதற்குப் போட்டியாக அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தது, அதுவும் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்தே. நண்பன் என்று பொருள்படும் அந்தச் சொல்லும் இப்போது சந்தைத் தமிழில் சேர்ந்துவிட்டது.

ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையில் சானமாவுக் காடு இருக்கிறது. ராகி விளையும் காலத்தில் மெய்யான யானைக் கூட்டங்கள் அங்கே நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. வனத்துறையினர் போக்குவரத்தை நிறுத்திவைக்க, தக்காளி ஏற்றிய குட்டி யானைகள் பெரிய யானைகளுக்காக வரிசையில் காத்து நிற்கும். எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர் அந்த வரிசையில் ஒருமுறை நிற்கவேண்டும்.

நிலத்துக்கு உரிய பெரும்பொழுதும் சிறுபொழுதும் இந்த ஊருக்கு இல்லை என்பது இன்னொரு குறை. இருக்கின்றன. வண்டியின் சுமையைப் பார்க்கத் தெரிந்தால் போதும். கிருஷ்ணகிரியில், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து சென்னைச் சாலை பிரிகிறது. இந்தச் சாலைகளின் ஓரமாக நின்று பாருங்கள். பிப்ரவரி 14 நெருங்கும் நாட்களில் ஓசூரின் பசுமைக்குடில்களிலிருந்து ரோஜாக்களை ஏற்றிய குளிரூட்டிய வேன்கள் பெங்களூரு விமான நிலையத்துக்கு விரையும். மே தொடங்கி ஜூலை வரை மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்களும் மினி லாரிகளும் காத்துக் கிடக்கும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் தோத்தாபுரி, இங்குள்ளவர்களுக்கு அது ‘பெங்களூரா’. ராயக்கோட்டைச் சந்தையின் தக்காளிக்குப் பிக்கப் வண்டிகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிவரும் நீண்ட டிரெய்லர்கள், தாம் சுமக்கும் கார்கள் ஒருபோதும் போகமுடியாத வேகத்தில் ஊர்ந்து செல்லும். கிரானைட் பாறைகளுக்கோ பருவமே இல்லை. ஒரு டிரெய்லருக்கு ஒன்றிரண்டு கற்கள்தாம். பின்னால் வருபவனின் உயிர் அவற்றைப் பிணைத்திருக்கும் சங்கிலியில் இருக்கிறது. எதிர்த்திசையில் ஜல்லியும் எம்-சாண்டும் நிரப்பிய டிப்பர்கள் எல்லையை நோக்கிப் போகின்றன. பெங்களூருவில் அடுக்ககங்கள் எழ எழ இங்கே குன்றுகள் குறைகின்றன. ஒரு மலை ஊரைவிட்டுப் போவதை நம் கண்முன்னே காட்டும் வண்டி அது. அதைத்தான் ‘இரைச்சல்’ என்று கடந்துவிடுகிறோம்.

சிறுபொழுதுக்குக் கம்பெனிப் பேருந்துகள் இருக்கின்றன. எழுபதுகளில் சிப்காட் வந்ததிலிருந்தே இந்த ஊரின் கடிகாரம் ஷிப்ட்டுதான். விடியுமுன் ஒரு வரிசை, பிற்பகலில் ஒரு வரிசை, இரவில் ஒரு வரிசை. அண்மை ஆண்டுகளில் அந்தச் சன்னலோரங்களில் இளம்பெண்களின் முகங்கள் கூடியிருக்கின்றன. தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். பேருந்து அவர்களை விடுதியிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து விடுதிக்கும் கொண்டுசெல்கிறது. இடைப்பட்ட ஊரை அவர்கள் கண்ணாடி வழியாகவே அறிந்திருக்கிறார்கள். பிரிவைப் பாலைக்கு உரிப்பொருளாக்கிய மொழி நம்முடையது. அந்தச் சன்னலில் தெரிவதற்கு வேறென்ன பெயர்?

இனிக் கார்களுக்கு வருவோம். ஓசூரில் ஒரு காரைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் நிறமன்று, எண் பலகை. ‘டிஎன் 70’ என்றால் ஓசூர், ‘டிஎன் 24’ என்றால் கிருஷ்ணகிரி, ‘கேஏ 51’ என்றால் எல்லைக்கு அப்பாலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டி. நாகாலாந்தைக் கண்ணால் கண்டிராத ‘என்எல்’ லாரிகளும் ஏராளம். பதிவு செய்ய வசதியான மாநிலம் என்பதைத் தவிர அவற்றுக்கும் நாகாலாந்துக்கும் உறவில்லை. வீடு இங்கும் வேலை அங்குமாக வாழும் ஆயிரக்கணக்கானோருக்கு ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் அடுத்தடுத்த நிறுத்தங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. எல்லை என்பது வெறும் கோடுதானே என்று எண்ணத் தோன்றும்.

2016 செப்டம்பர் 12 அப்படி எண்ணவிடவில்லை. காவிரி நீர் தொடர்பான உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தேடித் தேடித் தாக்கப்பட்டன. பணிமனையில் நிறுத்தப்பட்டிருந்த கே.பி.என். பேருந்துகள் நாற்பதுக்கு மேல் எரிந்தன. இப்புறம் இராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் வண்டிகள் தாக்கப்பட்டன. ஓசூர் எல்லையில் மக்கள் மூட்டைகளோடும் குழந்தைகளோடும் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தார்கள். ஓட்டுநர் எந்த மொழி பேசுகிறார் என்று எவரும் கேட்கவில்லை. வண்டியின் நெற்றியில் எழுதியிருந்த இரண்டெழுத்துகளே அவருடைய மொழியாகவும் குற்றமாகவும் கொள்ளப்பட்டன. மொழியைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம் அந்த இரண்டெழுத்தைப் பற்றி எத்தனை கதைகள் எழுதினோம்? காவிரியைப் பற்றிய கவிதைகளுக்குக் குறைவில்லை. எரிந்த பேருந்தின் ஓட்டுநர் இருக்கையைப் பற்றி எங்கள் நினைவுக்கு எதுவும் வரவில்லை.

‘ஓசூர் வளர்கிறது’ என்று மார்தட்டுவோரோடும் நாங்கள் சேரவில்லை. முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் பட்டியலிடும் அந்தப் பெருமிதமும் வண்டியைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைப் பார்க்கிறது. அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலை 1980இல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த ஊர் நாட்டுக்கு அளித்துவரும் காட்சி ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸ் வெளியே வரும். எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரையில்லை, கதவில்லை. லாரியானால் நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ, பேருந்தானால் கரூரிலோ அதற்கு உடல் கட்டுவார்கள். அதுவரை அதை ஓட்டிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். தற்காலிகமாகப் பொருத்திய இருக்கையில், தலைக்கவசமணிந்து, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, வெயிலோ மழையோ முகத்திலேயே வாங்கிக்கொண்டு அவர் போவார். ஒப்படைத்துவிட்டுப் பையும் தலைக்கவசமுமாகப் பேருந்தேறித் திரும்புவார். மறுநாள் இன்னொரு சேசிஸ்.

லாரிகள் இப்போது பெரும்பாலும் கேபினோடு வருகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்குக் குளிர்சாதனமும் கட்டாயமாகியிருக்கிறது. வரவேற்கிறோம், காலம் தாழ்ந்து வந்த நியாயம். ஆனால் பேருந்துச் சேசிஸ் இன்றும் கூரையின்றிச் சாலையில் போகிறது. நாளை நாம் குளிரூட்டிய பேருந்தில் புத்தகத்தோடு சாய்ந்து அமர்வதற்காக, இன்று ஒருவர் அதே வண்டியின் எலும்புக்கூட்டின் மீது நனைந்துகொண்டு போகிறார். அவரைக் கடந்து நூறு முறை போயிருக்கிறோம். நாங்களும்தான். சன்னல் திரையை இழுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தோம்.

‘வண்டிகளைப் பட்டியலிட்டால் இலக்கியமாகிவிடுமா’ என்று கேட்கப்படும். ஆகாது. பூக்களைப் பட்டியலிட்டாலும் ஆகாது. ஆனால் குறிஞ்சிப்பாட்டைப் பாடிய கபிலருக்கு அந்தப் பூக்களின் பெயர் தெரிந்திருந்தது. தொல்காப்பியம் கருப்பொருள் என்று சொல்வது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என அந்தந்த நிலத்து மக்களின் வாழ்வில் கலந்திருப்பவற்றை. இந்த நிலத்து மக்களின் வாழ்வில் கலந்திருப்பது எது? ‘மண் சார்ந்த எழுத்து’ என்று முழங்குகிறோம். மண்ணை அள்ளிப்போகும் டிப்பர் அந்த எழுத்தில் இல்லை என்றால் எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்?

லாரி ஓட்டுநர் நம் கதைகளில் வராமலில்லை. வருகிறார், குடிப்பவராக, நோய் கொண்டுவருபவராக, இரவில் எதையோ தேடி வண்டியை நிறுத்துபவராக. அல்லது விபத்தின் காரணமாக. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாயில் விபத்து நேரும்போதெல்லாம் ‘கட்டுப்பாட்டை இழந்த லாரி’ என்று படிக்கிறோம். கட்டுப்பாடு ஏன் இழந்தது? இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடி போய்விடுகிறது. பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்கவேண்டும். அது சூடேறிச் செயலிழக்கிறது. பிழை ஓட்டுநருடையது என்பது ஒரு பாதி. அந்த ஒன்றிரண்டு லிட்டரை மிச்சப்படுத்தும்படி அவருடைய கணக்கு நெருக்கப்பட்டிருக்கிறது என்பது மறுபாதி. வண்டி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என்ற அந்த அச்சம் ஔவையின் பாடலிலேயே இருக்கிறது. அவர் உமணரின் அச்சத்தை உள்ளிருந்து அறிந்தார். நாம் செய்தித்தாளின் நான்கு வரியில் அறிகிறோம்.

நண்பரை ஓசூருக்கு அழைக்கிறோம். அடுத்த கூட்டத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கூட்டம் முடிந்து தேநீர் அருந்த நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றுக்குப் போவோம். அங்கே லாரிகள் நிற்கும். ஓட்டுநர் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். சங்கப் பாடல்களை அறிந்த நண்பர் அவரருகே சென்று, ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, கடைசியாக எந்த இடத்தில் அது உதவியது என்று கேட்கட்டும். பதில் நீளமாகவே வரும். நாங்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறோம்.