புதிய தேசியம் யாருக்கு?

1934-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பண்டித மாளவியாவும் தோழர் ஆனேயும் கல்கத்தாவில் கூடி, காங்கிரஸ் தேசியக் கட்சி என்று புதிதாக ஒரு கட்சி கண்டார்கள். காங்கிரசே தேசியந்தானே, அதற்குமேல் இன்னொரு தேசியம் எதற்கு என்று யாரும் கேட்கலாம். சங்கதி இதுதான்.

1932-ல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி மக்டொனால்டு வெளியிட்ட வகுப்புத் தீர்ப்பானது முஸ்லிம்கள், சீக்கியர்கள், கிறிஸ்தவர்கள் முதலானவர்களுக்குத் தனித்தொகுதி கொடுத்தது. காங்கிரசோ அதை ஒப்புக்கொள்ளவுமில்லை, தள்ளவுமில்லை. (வழவழா கொழகொழாதான், ஆனாலும் அந்த மட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தது.) அதுகூடப் பொறுக்காமல் பிறந்ததே இந்தத் தேசியம். அதாவது, சிறு வகுப்பார் தங்கள் பங்கைத் தாங்களே கேட்டுப் பெறுவது தேசத்துக்கு ஆபத்தாம்!

நல்லது. தீண்டாதார் தனித்தொகுதி பெற்றபோது, அவர்களும் இந்துக்களே, பிரியக்கூடாது என்று 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் மாளவியாவும் ஒருவர். சரி, இந்துக்களேயென்றால் கோயிலைத் திறக்க வேண்டாமா? அதற்குச் சட்டம் செய்யலாமென்றபோது, கோயில் விஷயத்தில் சட்டசபை தலையிடக் கூடாதென்று மறித்தவரும் இதே பண்டிதர்தான். தோழர் ரங்க அய்யரின் கோயில் பிரவேச மசோதா வாபஸ் வாங்கப்பட்டதும் அதே 1934 ஆகஸ்டு மாதந்தான். எலெக்ஷன் நெருங்கிவிட்டபடியால் காங்கிரஸ்காரர்களும் அதைக் கைகழுவினார்கள்.

ஆக, ஓட்டுக் கணக்கில் இந்து. கோயில் வாசலில் எட்ட நிற்க வேண்டியவன். இப்படிப்பட்டவன் தனக்கென்று நாலு ஸ்தானம் தனியாகக் கேட்டால் வகுப்புவாதியாகிவிடுவானா? வகுப்பையே பூணூலாக மாட்டிக்கொண்டு திரிகிறவர் தேசியவாதியா?