நின்ற கல்லும் மூழ்கிய கல்லும்

பழைய நிழற்படம் ஒன்றைக் கண்டேன். கோழிக்கோட்டுக்கு வடக்கே, காப்பாட்டுக் கடற்கரைச் சாலையோரத்தில் ஒரு சிறு கல்தூண். வாஸ்கோ ட காமா 1498-ல் இங்கே இறங்கினான் என்பது அதில் பொறித்த செய்தி. படத்தைக் காட்டிய தூத்துக்குடி நண்பர், “இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்த மாவீரன்!” என்றார். பள்ளியிலே படித்த பாடம். பழுது பாராமல் ஒப்புவித்தார்.

கண்டுபிடித்தானாம்! கண்டவர் யார்? பிடித்தவர் யார்?

ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியிலே அரசன் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தான். அந்த மாலுமி வழிகாட்ட, ஏறத்தாழ 23 நாளில் காமா கடலைக் கடந்தான். வழி காட்டியவன் பெயர் என்னவென்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வழி கேட்டவன் பெயர் கல்லிலே நிற்கிறது! கரைக்கு முதலில் அனுப்பப்பட்டவனும் காமா அல்லன். நாடு கடத்தப்பட்ட தண்டனைக் கைதி ஒருவன். ஆபத்து இருக்குமோ என்று பார்க்க அவன் உயிர். புகழ் கொள்ளத் தலைவன் பெயர்! அந்தக் கைதியை வரவேற்றவர்களோ, அவனுக்குப் புரியும் ஐரோப்பிய மொழியிலேயே பேசிய தூனிசு வணிகர் இருவர். ஏற்கெனவே ஆள் நடமாடிய வீட்டைக் ‘கண்டுபிடித்த’ வேடிக்கை இது! காமா கரையேறியது காப்பாட்டில் அன்று, பந்தலாயினிக் கொல்லத்தில்தான் என வாதிடும் வரலாற்றறிஞரும் உண்டு. 1502-ல் மீண்டும் வந்தவன், மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலைப் பெண்டு பிள்ளைகளோடு எரித்தான். அதைக் கல் சொல்லவில்லை.

கல் சொல்வதை மட்டும் நம்புவதா பகுத்தறிவு?

நண்பரின் ஊருக்கே வருவோம். முத்துக்குளித்துறையை எந்த மாலுமி கண்டுபிடித்தான்? கொற்கையில் 1968-69-ல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. காமா பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது! கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளூஸ், கொற்கை முத்தைக் குறிக்கிறது. பாண்டியன் ஆட்சியிலே அந்த முத்தை எடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அதே நூல் கூறுகிறது. நம் மன்னன் என்பதற்காக அந்த வரியை மறைக்கலாமா? அயலானைக் கேட்கும் கேள்வியை அரண்மனையையும் கேட்பதே நேர்மை.

1530களில் போர்ச்சுகீசியர் இக்கரையில் காலூன்றினர். 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடிகள் மாறின, முத்தின் வருவாய்க்கு நீண்ட கைகள் மாறின. காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழம் இறங்கிய குளியாளியின் வாழ்வு மாறவில்லை. எந்தப் பார் எங்கே, நீரோட்டம் எப்போது திரும்பும், சுறா எங்கே திரியும் என்பதெல்லாம் அவன் அறிந்த அறிவு. வரைபடம் இல்லாமல் கடலடியை ஆராய்ந்தவன் அவன். ஆராய்ச்சியாளன் என்ற பட்டம் அவனுக்கு இல்லை. கூலிக்காரன் என்ற பெயர் உண்டு!

ஒரு கல் சாலையோரத்தில் நின்றது, பெயர் பெற்றது. ஒரு கல் கடலில் மூழ்கியது, பொருள் தந்தது. இந்த இரண்டுக்கும் இடையே இருப்பதுதான் நாம் படித்த வரலாறு.

“அப்படியானால் தூணை உடைக்கலாமா?” என்பர். வேண்டாம். பொய்க்கு மருந்து கடப்பாரை அன்று, கேள்வி. “குளியாளிக்கும் ஒரு சிலை வைத்துவிடுவோமே” என்பர். வைக்கட்டும், ஆனால் மாலையிட்டு மறப்பதற்கு இன்னொரு கல் எதற்கு? பெரிய அளவிலான முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றது. ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. சங்கு குளிப்போர் இன்றும் இறங்குகின்றனர். காற்றழுத்தக் குழாயைப் பற்றி ஆழம் சென்று விரைந்து மேலேறுகிறவனைத் திமிர்வாதம் முடக்கக்கூடும், உயிரையும் பறிக்கக்கூடும். பயிற்சியும் மருத்துவமும் காப்பீடும் அவனுக்கு உரிமை, தருமம் அல்ல.

இளைஞனே! 1961-ல் கடலில் இறங்கியவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. அவர்கள் போனால் பார்களைப் பற்றிய அறிவும் போகும். திரேஸ்புரத்துக்குப் போ. குறிப்பேடு எடுத்துச் செல். பெயரைக் கேள், எழுது. இறங்கிய ஆழத்தைக் கேள், எழுது. இழந்த தோழனைக் கேள், அதையும் எழுது. காமாவின் பெயரைக் கல் காக்கும். குளியாளியின் பெயரை உன் பேனாவன்றி வேறெது காக்கும்?