ஜோவா தாங்கும், தொட்டி தாங்குமா?

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும் யாருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஜோவாந்திட்டில் ஆரம்பியுங்கள், அது சாகாது" என்பதுதான். தொட்டிப் பிரியர்கள் சுருக்கமாக ஜோவா என்பார்கள். அந்த அறிவுரைக்குப் பின்னாலேயே இன்னும் நாலைந்து வந்து சேரும். சின்னத் தொட்டியே போதும். தண்ணீரைத் தூத்துக்குடியிலிருந்து கேனில் கொண்டுவந்துவிடலாம். விளக்கு பெரிதாக வேண்டாம். கரையோரம் கிடக்கும் கல் ஒன்றை எடுத்துப் போட்டால் பாறையும் ஆயிற்று. தென்காசி, குற்றாலம் பக்கத்துக்காரர் என்றால் கூடுதலாக ஒரு சலுகை: சாரல் ஊருக்கு, நீரைக் குளிர்விக்கும் சில்லர் எதற்கு? இவற்றில் பலவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நம்பப்படுவதும் அதனால்தான். ஆனால் உயிருக்கு இருக்கும் தாங்குசக்தியைத் தொட்டிக்கும் இருப்பதாகப் போட்ட கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்தக் கணக்கு தப்பு.

முதலில் அந்த உயிரைப் பார்ப்போம். ஜோவாந்திட் கல்பவளம் இல்லை. சுண்ணாம்புக் கூடு கட்டாது. கடற்சாமந்திக்கு உறவு. சுண்டுவிரல் நகமளவு வட்டத் தட்டு, அதன் விளிம்பில் இமைமயிர் வைத்ததுபோல் உணர்கொம்புகள், நடுவில் கீறல்போல் ஒரு வாய். விரல் பட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கி மூடிக்கொள்ளும். நூறு தட்டுகள் இருந்தாலும் அடியில் ஒரே சதைப்பாய் அவற்றை இணைத்திருக்கும். இவற்றில் பல இனங்கள் ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வரும் கரையோரப் பாறையில் வாழ்பவை. வற்றத்தில் வெயிலில் காயும், மழை பெய்தால் நன்னீரில் நனையும், சில மணி நேரம் மூடிக்கொண்டு கிடக்கும். பிறகு கடல் ஏறிவந்து மூடும். அதே உப்பு, அதே சூடு. சாகாது என்ற பெயரை ஜோவா வாங்கியது இங்கேதான். கடல் திரும்பி வரும் என்ற நிச்சயத்தின்மேல் வளர்ந்த பொறுமை அது. தொட்டியில் நடப்பதோ வேறு. அங்கே உப்பு ஒருநாள் ஏறினால் மறுநாளும் ஏறும், கழிவு இந்த வாரம் சேர்ந்தால் அடுத்த வாரமும் சேரும். தானாகத் திரும்பி வர அங்கே கடல் இல்லை. சில மணி நேரம் மூடிக்கிடந்து தப்பிக்கத் தெரிந்த உயிருக்கு, வாரக்கணக்கில் மெல்லமெல்லச் சரியும் நீரிலிருந்து தப்பிக்கத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு 'சின்னத் தொட்டி சுலபம்' என்பதைப் பாருங்கள். 40 லிட்டர் தொட்டி ஒன்றில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வையுங்கள். காற்றடிக்கும் ஊரில், மேலே ஒரு சிறு மின்விசிறியும் ஓடினால், நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாவது பெரிய விஷயமில்லை. ஆவியாவது தண்ணீர், உப்பு அப்படியே நிற்கும். மூன்றாம் நாள் 38-ஐ நெருங்கிவிடும். ஒரு வாரம் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போய்வந்தால் 42. வந்ததும் பதறிப்போய் ஏழு லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். ஏழு நாளில் ஏறியது ஏழு நிமிடத்தில் இறங்கும். பெரிய தொட்டியிலும் ஆவியாகத்தானே செய்யும் என்று கேட்கலாம். செய்யும், ஆனால் ஆழம் கூடக்கூட மொத்தத்தில் அதன் பங்கு குறையும். அதைவிட முக்கியமானது கழிவு. பாறைக்குப் பின்னால் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் அதன் அம்மோனியா 200 லிட்டரில் கலப்பதைவிட 40 லிட்டரில் ஐந்து மடங்கு அடர்த்தியாக இருக்கும். பத்து லிட்டர் தொட்டியிலும் ஆண்டுக்கணக்கில் பவளம் வளர்ப்பவர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், இருக்கிறார்கள். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுபவர்கள், ஆவியான அளவைத் தானே நிரப்பும் கருவி வைத்திருப்பவர்கள் அவர்கள். சின்னத் தொட்டி தேர்ந்த கைக்கு உரியது என்பதற்குத்தான் அவர்கள் சாட்சி. புதிதாகத் தொடங்குபவர் 100 லிட்டருக்குக் குறையாமல் தொடங்குவது நல்லது. அதிலும் நன்மை செய்யும் பாக்டீரியா பெருகி அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நாலிலிருந்து ஆறு வாரம் வெறும் பாறையோடு ஓட்டியாக வேண்டும். சாகாத ஜோவாதானே என்று முதல் வாரத்திலேயே இறக்கிவிடுவது, கூரை போடாத வீட்டில் குடியேறுவது மாதிரி.

குற்றாலக் குளிர் விஷயத்துக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும்போது தென்காசியின் சுகமே தனி. அந்த மாதங்களில் சில்லர் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றாலம் மலையடிவார ஊர். ஊட்டியோ கொடைக்கானலோ அல்ல. ஏப்ரல், மே பகல்களில் தென்காசி 35 டிகிரியைத் தாண்டும். ஜோவா சௌகரியமாக இருப்பது 24-லிருந்து 27 டிகிரிக்குள். அதன் திசுவுக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசிகள் 30-க்கு மேல் நீர் நாள்கணக்கில் நின்றால் வெளியேறத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கோடையில் பவளங்கள் வெளுத்தது இந்தக் காரணத்தால்தான். கடலுக்கே நேர்வது 100 லிட்டருக்கு நேராதா? சில்லர் கட்டாயம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே வறண்ட கோடையில் மின்விசிறியே நன்றாக வேலை செய்யும். ஆனால் சாரல் ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புழுக்க நாள்களில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். விசிறி சுழலும், நீர் குளிராது. வருஷத்தில் நாலு மாதச் சுகத்தை நம்பிப் பன்னிரண்டு மாத உயிரை வைக்கக் கூடாது. சாரல் காலத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. பலத்த காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் பம்ப் நிற்கும். 28 டிகிரி கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராமுக்கும் குறைவு. அதையும் பாறையில் இருக்கும் அத்தனை உயிர்களும் பங்கிட்டாக வேண்டும். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கத்துத் தீவுகளில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி ஆக்சிஜன் குறைந்தபோது பவளங்கள் செத்தன. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தால் தொட்டியில் அந்தக் கதி வராது. விளக்குக்குச் செலவழிக்கும் முன் அதை வாங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, குற்றால அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அதைவிடச் சுத்தம் வேறில்லை என்பது. குளிக்கச் சுகம்தான். ஆனால் காட்டின் இலைச்சருகு, மண், உரச்சத்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுதான் அது இறங்குகிறது. தலைக்குத் தேய்த்த எண்ணெயும் சோப்பும் சேர்ந்து, கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் கூடினாலே ஜோவாத் தட்டுகளுக்கு இடையில் நூல்பாசி படர்ந்து அவற்றைத் திறக்கவிடாது. மற்றது தூத்துக்குடிக் கடல்நீர். தென்காசியிலிருந்து சாலை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் கரையில் நின்று மொள்ளும் நீர் பவளத்திட்டின் நீர் ஆகாது; பக்கத்திலேயே துறைமுகம், அனல் மின்நிலையம், உப்பளம். குற்றாலத்தில் விழும் நீரே சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயலில் அதே கடலில்தான் கலக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊரையே மூழ்கடித்துக்கொண்டு ஓடியது. அந்த வாரத்துக் கரைநீரில் எத்தனை உப்பு, எத்தனை சேறு இருந்திருக்கும்? இந்த இரண்டையும் விட்டு, ஆர்.ஓ. நீரில் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையைக் கரைப்பதே நம்பகமான வழி. 20 லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ பிடிக்கும். சமையல் உப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியம் பெரும்பகுதி போய்விடும். பாத்தியில் நிற்பது சோடியம் குளோரைடு.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மங்கிய வெளிச்சத்திலும் ஜோவா சாகாது; தண்டு நீண்டு, நிறம் மங்கிப் பழுப்பாகி, வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு நிற்கும். உயிரோடு இருப்பதும் செழிப்பதும் ஒன்றல்ல.

'ஜோவா யாரையும் ஒன்றும் செய்யாது' என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. 1971-இல் ஹவாயில் பேலித்தோவா என்ற ஜோவாந்திட் வகையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பேலிடாக்சின், உயிரிகள் உண்டாக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. செல்லுக்குள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சமன்செய்யும் பம்ப்பை அது திறந்த ஓட்டையாக்கிவிடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. 2018-இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் ஊரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது குடும்பமே மருத்துவமனைக்குப் போனது; உதவிக்கு வந்தவர்களும் சிகிச்சை பெற்றார்கள். எல்லா ஜோவாவிலும் நஞ்சு இல்லையே என்றால், சரிதான். 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொட்டி வியாபாரத்தில் கிடைத்தவற்றைச் சோதித்தபோது சிலவற்றில் நஞ்சு ஏராளமாக இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. ஆனால் கடையில் பெயர்கள் கலந்து கிடக்கின்றன. எதில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. சதைக்குள் மணல் துகள்களைப் பதித்துக்கொண்டிருந்தால் பேலித்தோவா என்று சந்தேகிக்கலாம், அவ்வளவே. ஆகவே வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வேண்டாத கூட்டத்தைப் பாறையோடு கொதிநீரில் போடுவதோ, உலர்ந்ததைப் பிரஷ்ஷால் தேய்ப்பதோ கூடவே கூடாது. நஞ்சு ஆவியோடும் தூசியோடும் மூச்சில் ஏறும்.

கடைசியாகக் கல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளமும் கடல் விசிறியும் சேர்க்கப்பட்டன. ஜோவாந்திட்டின் பெயர் அதில் இல்லை, ஆகவே கடலிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு வாதம் ஓடுகிறது. பெயர் இல்லை என்பது சரி. ஆனால் ஜோவா அந்தரத்தில் வளர்வதில்லை. மன்னார் வளைகுடாவில் அது ஒட்டிக்கிடப்பது பெரும்பாலும் செத்த பவளத்தின்மேல். அந்தக் கூடும் அதே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. அங்குள்ள தீவுகளைச் சுற்றி 1986-இல் தேசியப் பூங்காவும் அறிவித்தாயிற்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்த காலத்தின் விலையாக அங்கே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. ஒரு துண்டுக்கு என்ன ஆகிவிடும் என்று அன்றும் சொல்லியிருப்பார்கள். தொட்டிக்குத் தொட்டி வெட்டிப் பெருக்கிய துண்டுகள் கிடைக்கும்போது கடலைத் தொட அவசியமே இல்லை. வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொட்டியில் வளர்த்ததென்றால் ஆணிபோல் காம்பு வைத்த சிமெண்டுப் பொத்தான் இருக்கும். வரிவரியாக நட்சத்திரக் குழிகள் தெரிந்தால் அது ஒரு பவளத்தின் எலும்பு. அதை வாங்காமல் வைத்துவிட்டு வாருங்கள்.