‘விலங்கு நல அலுவலர்’ வேலைக்குச் சம்பளம் எவ்வளவு?

“பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஆடு, மாடு என்றால் உயிர். ‘விலங்கு நல அலுவலர்’ அடையாள அட்டை வாங்கித் தருவதாகவும், மாதம் நல்ல சம்பளம் வரும் என்றும் சொல்லி, தெரிந்தவர் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கறவை மாட்டை விற்றுக் கொடுக்கலாமா? அந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு சம்பளம்?”

- வாசகர், சங்கராபுரம்.

மாட்டை விற்க வேண்டாம். அந்த அட்டைக்கு மாதச் சம்பளம் எதுவும் கிடையாது.

1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. இதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். பல ஆண்டுகள் சென்னையில் இருந்த தலைமை அலுவலகம், இப்போது ஹரியானா மாநிலம் பல்லப்கரில் இருக்கிறது. இந்த வாரியம் நியமிப்பவர்கள் ‘கௌரவ’ விலங்கு நல அலுவலர்கள். அதாவது, ஊதியம் இல்லாமல் சேவை செய்பவர்கள். தொண்டு நிறுவனங்கள் சில, சம்பளத்துக்கு ஆள் எடுப்பது உண்டு. அதற்குக் காசு கொடுத்து அட்டை வாங்க வேண்டியதில்லை.

அட்டை வைத்திருப்பவருக்கு அபராதம் வசூலிக்கும் அதிகாரமும் இல்லை. சந்தைக்குப் போகும் வண்டியை மறித்து யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விதிமீறல் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதுதான் முறை. அபராதம் விதிப்பது நீதிமன்றம். அதேசமயம், நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். 1978-ம் ஆண்டு விதிகளின்படி, ஒரு சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மாடுகள் பயணம் செய்யத் தகுதியானவை என்ற கால்நடை மருத்துவரின் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

சரி, கால்நடைகளைக் கவனித்துக்கொண்டே சம்பாதிக்க எது வழி? கால்நடை மருத்துவப் படிப்புதான். பி.வி.எஸ்சி., ஏ.ஹெச். என்ற இந்தப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுடன் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் தரவரிசை. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவிகித இடங்களுக்கு மட்டுமே நீட் மதிப்பெண் பார்க்கப்படுகிறது. 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு. மகள் அரசுப் பள்ளி மாணவி என்றால், இதைத் தவறவிடக் கூடாது.

படித்து முடித்து, மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மூலம் அரசு கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம். 2022-ம் ஆண்டு 731 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாயில் தொடங்கி, உச்ச வரம்பு 2,05,700 ரூபாய் என்று இருந்தது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

ஆனால், பட்டம் வாங்கியதும் அரசு வேலை நிச்சயம் என்று நினைத்துவிடக் கூடாது. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை, போட்டியும் அதிகம். இடைப்பட்ட காலத்தில் கோழிப்பண்ணைகள், பால் நிறுவனங்கள், தீவனம் மற்றும் மருந்து நிறுவனங்களில் வேலை தேடலாம். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் இந்தப் பட்டதாரிகள் எழுதலாம். சொந்தமாகச் சிகிச்சை மையமும் வைக்கலாம்.

இன்னும் சந்தேகம் இருந்தால், பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு மகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு மருத்துவர் எப்படிக் கைகொடுக்கிறார், நாளொன்றுக்கு எத்தனை ஆடு, மாடுகளைப் பார்க்கிறார் என்பதை நேரில் பார்க்கட்டும். படித்தவர் வாயாலேயே படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். பணம் கேட்டவர் திரும்பவும் வந்தால், வாரியத்தின் முத்திரையோடு எழுத்துபூர்வமான நியமன ஆணையையும், அதில் சம்பளத் தொகையையும் காட்டச் சொல்லுங்கள். வற்புறுத்தினால், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.