பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

பந்தயக் காரைத் தடத்தில் இறக்குவதற்கு முன் மெக்கானிக் எஞ்சினைக் குடைந்துகொண்டிருப்பார் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பல நேரம் அவர் கையில் இருப்பது நூலும் எஃகு ஸ்கேலும்தான். காரின் இரு பக்கமும் ஸ்டாண்டுகளை நிறுத்தி, சக்கர மையத்தின் உயரத்தில் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் நினைக்கும் நூல் இல்லை, மீன்பிடி நரம்பு. இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் நிற்க வேண்டும். பிறகு ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூல் எவ்வளவு தள்ளியிருக்கிறது, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளப்பார்கள். அந்த வித்தியாசத்தைத்தான் ‘டோ’ என்கிறோம். சக்கரம் நேரே பார்க்கிறதா, உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். டயரில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநரின் எடைக்கு ஈடாக இருக்கையில் மூட்டை வைத்த பிறகே இந்த வேலை தொடங்கும். தொடங்குவதும் பின்சக்கரத்திலிருந்துதான். பின்பக்கம் முடியாமல் முன்பக்கத்தில் கை வைக்க மாட்டார்கள்.

நம் ஊர் அலைன்மென்ட் கடைகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிக் கிடக்கிறது. முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராடை இரண்டு சுற்று திருகி, ஸ்டியரிங்கை நேராக்கி, பில்லைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பின்சக்கரம் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. பின்சக்கரத்தை அளக்காமல் செய்யும் வேலைக்கு வீல் அலைன்மென்ட் என்று பெயர் சொல்லிக் காசு வாங்கக் கூடாது என்பது என் கருத்து. வேகமாக ஓடுவதற்கென்றே கட்டிய கார்களுக்குப் பின்சக்கரத்தை அளப்பது கட்டாயம். வீட்டுக் கார்களுக்கும் பொருந்தும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியிருப்பதுதான் விசித்திரம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடம் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் அது. அதற்கு முன் பந்தயங்கள் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்தன. கோவை கரிவரதன் மாருதி 800இன் சின்ன எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைக் கட்டினார். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், அந்த ஃபார்முலா மாருதியில்தான். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், அதுவும் குறைந்த சக்தி என்றால் நேரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? ஓட்டுபவரின் திறமையில் ஒரு பங்கு. மீதி சஸ்பென்ஷனை அமைத்த விதத்தில். இந்த அறிவு வெளிநாட்டிலிருந்து இனிமேல்தான் வர வேண்டும் என்றில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக நம் மாவட்டத்தில் புழங்குகிறது. தடத்தின் மதில் சுவரைத் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டியரிங் முன்சக்கரத்தைத் திருப்புகிறது. ஆனால் வண்டி எந்தக் கோட்டில் ஓட வேண்டும் என்பதைப் பின்சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. இரண்டும் லேசாக உள்ளே திரும்பியிருந்தால் வண்டி நிலையாக நிற்கும். வெளியே திரும்பியிருந்தால் வால் அலையும். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாய்கிறது, பின்சக்கரத்தின் பிடி தளர்கிறது. அந்த நொடியில் சஸ்பென்ஷன் இணைப்பிலுள்ள ரப்பர் புஷ் நசுங்கிச் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பினால் கார் சுழன்றுவிடும். போர்ஷே நிறுவனம் 1977இல் கொண்டுவந்த 928 காரில் இதற்கென்றே ஒரு பின் ஆக்சிலை வடிவமைத்தது. காலை எடுத்தால் பின்சக்கரம் வெளியே போகாமல் உள்ளே திரும்பும்படி இணைப்புகளை அமைத்தார்கள். தங்கள் ஆய்வு மையம் இருக்கும் வைசாக் என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரு பெரிய நிறுவனம் இத்தனை மெனக்கெட்டது ஒரு டிகிரிக்கும் குறைவான கோணத்துக்காக.

அந்தக் கோணம் என்ன செய்யும் என்பதைப் பள்ளிக்கூடத்து முக்கோணவியலை வைத்தே கணக்கிடலாம். இரண்டு பின்சக்கரமும் அரை டிகிரி கூடுதலாக உள்ளே பார்த்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் 87 கிலோமீட்டர். காஞ்சியிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். டயரின் நெகிழ்வு இதில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். மீதியை ரப்பராகச் சாலைக்குக் கொடுக்கிறோம். அப்படித் தேய்ந்த டயரைக் கண்ணால் பார்த்தால் பட்டன் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். உள்ளங்கையால் குறுக்கே தடவினால், ஒரு பக்கம் போகும்போது வழுக்கும், திரும்பும்போது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் தட்டும். கார் 60ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து ஊஊ என்று சத்தம் வரும். பேரிங் போய்விட்டது என்று ஹப்பை மாற்றுவார்கள், சத்தம் போகாது.

இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அளவில் இல்லையென்றால் தொல்லை வேறு மாதிரி. இடது சக்கரம் அரை டிகிரி உள்ளே, வலது சக்கரம் நேராக என்று வைத்துக்கொள்வோம். வண்டி கால் டிகிரி கோணலாகவே ஓட விரும்பும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்துப் பிடித்தால்தான் நேரே போகும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் வீதி திரும்பும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்கள் ஒரு கணமும் ஓயாமல் வேலை செய்வார்கள் இல்லையா, பின் ஆக்சில் கோணலான காரில் ஓட்டுநர் வேலூர் வரைக்கும் அப்படிக் கட்டை போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். கடையில் முன்சக்கரத்தை மட்டும் திருத்தினால் ஸ்டியரிங் நேராகும். கோணல் அப்படியே இருக்கும். அதை ஓட்டுபவர் கையால் உணர முடியாமல் மறைத்துவிட்டோம் என்பதுதான் நடந்த காரியம்.

இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் முதல் பதில், நம் ஊர்க் கார்களில் பாதிக்கு மேல் பின்பக்கம் திருகுவதற்கு ஒன்றுமே இல்லை என்பது. அது தட்டிக்கழிக்கிற பேச்சு இல்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வரும் ஐ20 என் லைன் வேகப் பிரியர்களுக்கென்று சஸ்பென்ஷனை இறுக்கிச் செய்த கார். அதற்கும் பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை முறுக்கு பீம்தான். சிங்கபெருமாள் கோயில் அருகே, 2019க்கு முன் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த பகுதியில், பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்படும் 3 சீரிஸ் காரில் கதை வேறு. பின்சக்கரம் ஒவ்வொன்றையும் பல தண்டுகள் தனித்தனியாகப் பிடித்திருக்கும். மையம் விலகிய போல்ட்டைத் திருப்பினால் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் நகரும். கேம்பரை அசைத்தால் டோவும் கூடவே மாறும் என்பதால் கேம்பர் முதலில், டோ கடைசியில். சரி, திருக முடியாத காரை எதற்கு அளக்க வேண்டும்? இரண்டு காரணம். பின்சக்கரங்கள் காட்டும் திசையைத் தெரிந்துகொண்டால்தான் முன்சக்கரத்தை அதற்கு ஒட்டி அமைக்க முடியும். மற்றொன்று, பீம் வளைந்திருப்பதை வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது. பள்ளத்தில் பக்கவாட்டில் அடிபட்ட பீமும் வளைந்த ஹப்பும் ரீடிங்கில் மட்டும்தான் தெரியும். சில மாடல்களில் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிசெய்யவும் வழி உண்டு. திருத்த முடியாது என்பதே உண்மையாக இருந்தாலும், டயரை மாற்றுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த வாதம் சாலையைப் பற்றியது. பொன்னேரிக்கரையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை; இந்தச் சாலையில் மில்லிமீட்டர் பார்த்து என்ன பயன் என்கிறார்கள். சாலை கெட்டுக் கிடப்பது அடிக்கடி அளப்பதற்கான காரணமே தவிர, அளக்காமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. வழுவழுப்பான ஜெர்மன் சாலையில் ஓடும் காருக்கு இரண்டு ஆண்டு தாங்கும் அமைப்பு இங்கே ஒரு மழைக்காலத்தில் கலைந்துவிடலாம்.

பந்தயத் தடத்தின் முறை வேண்டும் என்று சொல்வதால், பந்தயத்தின் அளவுகளும் வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த பிறகு, நம் இளைஞர்கள் பலருக்குக் கார் பந்தயத்தின் மேல் புது மோகம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் முன்சக்கர இயக்கப் பந்தயக் கார்களில் வளைவில் வால் எளிதாகத் திரும்பட்டும் என்று பின்சக்கரத்தைச் சில அணிகள் வேண்டுமென்றே லேசாக வெளியே திருப்பி வைப்பது உண்டு. பந்தயத்தில் சுழன்றால் சரளை மண்ணில் போய் நிற்கலாம். நெடுஞ்சாலையில் மழை பெய்துகொண்டிருக்க, பின்னால் கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்க, அதே அமைப்பு ஆளைக் கொன்றுவிடும். அழகுக்காகப் பின்சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து ஓட்டுவதும் அப்படித்தான். வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரம் தரையைத் தட்டையாகப் பற்றுவதற்குக் கொஞ்சம் சாய்வு உதவும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியுமளவு சாய்த்தால் நேர்ச் சாலையில் டயரின் உள்விளிம்பு மட்டும் தரையில் நிற்கும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். அகலமான அலாய் வீலுக்குச் செலவழிக்க நினைப்பவர்கள் அந்தக் காசில் ஒரு சிறு பங்கைப் புஷ்களுக்கும் நான்கு சக்கர அலைன்மென்ட்டுக்கும் கொடுத்தால் கார் அதைவிட நன்றாகத் திரும்பும்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பத்து வருடக் காரின் பின்பக்கப் போல்ட் துருவேறி புஷ்ஷோடு ஒட்டிப்போயிருக்கும். திருகும்போது உடைந்தால் யார் பொறுப்பு? அரைமணி வேலை அரைநாள் வேலையாகிவிடும், வாடிக்கையாளரோ முன்சக்கரத்துக்குக் கொடுக்கும் அதே தொகையைத்தான் நீட்டுவார். எனவே அளப்பதையும் திருத்துவதையும் தனித்தனி வேலையாகப் பிரித்துவிடலாம். நான்கு சக்கரத்துக்கும் சென்சார் மாட்டும் மெஷின் இன்று பெரிய டயர் கடைகளில் இருக்கிறது. பின்சக்கர ரீடிங் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். திருத்துவதற்கு முன் என்ன இருந்தது, பின் என்ன ஆனது என்று நான்கு சக்கரத்தின் அளவையும் தாளில் அச்சிட்டு பில்லோடு கொடுக்கட்டும். பின்பக்கத்தில் கை வைக்க வேண்டுமானால், போல்ட் நிலவரத்தைச் சொல்லி, கூலியைத் தனியாகப் பேசி வாங்கட்டும். கார் நிறுவனங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ஆலையில் வண்டி வரிசையிலிருந்து இறங்கும்போது சக்கரக் கோணங்களைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பின்சக்கரம் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்ற எண்கள் கார் வாங்கியவரின் கைக்கு எளிதில் கிடைப்பதில்லை. டயரில் எவ்வளவு காற்று என்பதைக் கதவோரத்தில் ஸ்டிக்கராக ஒட்டுகிறவர்கள், அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி அச்சடித்தால், கடையில் கொடுக்கும் தாளை அதோடு வைத்து ஒப்பிடக் கார் வாங்கியவருக்கு எந்த மெக்கானிக்கின் தயவும் தேவைப்படாது.